ஆறுதலாகச் சுற்றும் ஒரு கல்

பண்ணைப் பாலத்தில் மாலையில் நின்று பார்த்தால், சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து மேல் விளிம்பு மறையும்வரை இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். கச்சான் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் முடிந்துவிடும். இதே காட்சியை 288 கிளௌக்கே என்ற சிறுகோளில் நின்று பார்க்க முடிந்தால் கிட்டத்தட்ட 40 நிமிடம் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் அங்கே தெரியும் சூரியன் நம் சூரியனில் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான். சின்ன வட்டம் கெதியாக மறைய வேண்டும்தானே? மறையாது. அந்தக் கல் அவ்வளவு ஆறுதலாகச் சுற்றுகிறது.

ஆறுதல் என்ற சொல்லை யாழ்ப்பாணத்துப் பொருளில்தான் சொல்கிறேன். 'ஆறுதலாக வாங்கோ' என்றால் இங்கே அவசரமில்லாமல் வாருங்கள் என்று பொருள். சென்னை நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு 'யாருக்கு என்ன துக்கம்?' என்று கேட்டது நினைவுக்கு வருகிறது. இந்தக் கல்லுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒருமுறை தன்னைத்தானே சுற்றி முடிக்க அதற்குச் சுமார் 1,170 மணி நேரம் ஆகிறது. அதாவது ஏறத்தாழ 49 நாள்.

கிளௌக்கே செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இருக்கும் முதன்மைப் பட்டையில் ஓடுகிறது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்தால், இதன் சராசரித் தூரம் 2.76. சூரியனை ஒருமுறை சுற்ற நாலரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். விட்டம் சுமார் 32 கி.மீ. யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் ஏறிப் பருத்தித்துறையில் இறங்கினால் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போன மாதிரி. 1890 பெப்ரவரி 20 அன்று ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் ரொபேர்ட் லூதர் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடித்த 24 சிறுகோள்களில் இதுதான் கடைசி. நட்சத்திரப் படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, படத்தில் இல்லாத புள்ளி எது என்று இரவிரவாகத் தேடுகிற காலம் அது. அடுத்த ஆண்டே, 1891 டிசம்பரில், மக்ஸ் வோல்ஃப் புகைப்படத் தகட்டைப் பயன்படுத்தி ஒரு சிறுகோளைப் பிடித்தார். அதற்குப் பிறகு கண்ணால் தேடுகிறவர்கள் மெல்ல மெல்ல இல்லாமல் போனார்கள்.

பெயர் கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. கொரிந்து நாட்டு மன்னன் கிரேயோனின் மகள் கிளௌக்கே. மீடியா அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையை அணிந்து இறந்தவள். கல்லுக்கும் கதைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அந்தக் காலத்தில் புராணப் பெயர் வைப்பது வழக்கம், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் சிறுகோளுக்கு உடுப்போலி என்றும் ஒரு சொல் உண்டு. உடு என்றால் நட்சத்திரம். நட்சத்திரம் போல் தோன்றும், ஆனால் நட்சத்திரம் இல்லை. 1802இல் வில்லியம் ஹேர்ஷல் 'நட்சத்திரம் போன்றது' என்ற பொருளில்தான் இவற்றுக்குப் பெயர் வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி பியாட்சி கண்டுபிடித்த சீரிஸ், தொலைநோக்கியில் எவ்வளவு பெருப்பித்தாலும் வெறும் புள்ளியாகவே தெரிந்தது. கிளௌக்கேயும் பூமியில் உள்ள சாதாரணத் தொலைநோக்கிகளுக்கு இன்றும் புள்ளிதான். அப்படியானால் ஒரு புள்ளி 49 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? இந்தக் கட்டுரையின் பாதி அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில், 49 நாள் என்பது எவ்வளவு விசித்திரம் என்று பார்த்துவிடலாம். சீரிஸ் ஒன்பது மணி நேரத்தில் சுற்றிவிடும். கஸ்ப்ரா ஏழு மணி. ஐடா 4.6 மணி. ஏரோஸ் 5.3 மணி. இட்டோகாவா 12 மணி. பெரும்பாலான சிறுகோள்களின் கணக்கு இந்த வரிசையில்தான், சில மணி நேரங்களில் அடங்கிவிடும். வேகத்துக்கு ஒரு தெளிவான எல்லை உண்டு: சுமார் 2.2 மணி. பல நூறு மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் மிகப் பெரும்பாலானவை, உடைந்த கற்கள் ஈர்ப்பு ஒன்றால் மட்டும் கூடி நிற்கும் குவியல்கள். அந்த எல்லையைத் தாண்டிச் சுற்றினால் நடுக்கோட்டில் இருக்கும் கற்கள் பிய்ந்து பறந்துவிடும். ஆகவே வேகத்துக்கு ஏன் எல்லை என்பது எளிதாக விளங்கும். ஆறுதலுக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. 100 மணிக்கு மேல் எடுத்துக்கொள்பவற்றை மந்தமாகச் சுற்றுபவை என்று தனியாகப் பிரித்துவைக்கிறார்கள். ஆயிரம் மணியைத் தாண்டியவை அரிது. கிளௌக்கே அந்த வரிசையில்.

கிளௌக்கேயின் நடுக்கோட்டில் ஒரு ஆள் நின்றால், சுழற்சியால் அவர் நகரும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 85 மீட்டர். யாழ்ப்பாணத்தில் நிற்கும் நாம் பூமியின் சுழற்சியால் மணிக்கு 1,640 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். கிளௌக்கேயில் சூரியனை உச்சந்தலைக்கு நேரே வைத்திருக்க வேண்டுமானால் எதிர்த்திசையில் மணிக்கு 85 மீட்டர் நடந்தால் போதும். ஆமைக்கே அந்த வேகம் கைகூடும். ஆனால் நடப்பதுதான் சிக்கல். அடர்த்தியைத் தோராயமாக வைத்துக் கணக்குப் பார்த்தால் அங்கே ஈர்ப்பு நம்முடையதில் 800இல் ஒரு பங்கு அளவில் வரும். 60 கிலோ ஆள் ஒரு கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் கூட எடை இருப்பார். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் மேலே எறிந்த பொருள் திரும்பி வராது. வடக்கின் பெருஞ்சமர் என்ற பள்ளிக் கிரிக்கெட் போட்டியில் பந்து வீசுகிற பெடியன் ஒருவன் அங்கே போய் வீசினால் பந்து போனது போனதுதான்.

புதன் 59 நாள், வெள்ளி 243 நாள் எடுத்துக்கொள்கின்றனவே, 49 நாளில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த இரண்டும் சூரியனுக்குக் கிட்ட இருப்பவை. புதனைச் சூரியனின் ஓத விசை, அதாவது கடலில் வற்றுப்பெருக்கை உண்டாக்கும் அதே வகை ஈர்ப்பு, இழுத்துப் பிடித்து வேகம் குறைத்துவிட்டது. நம் சந்திரனைப் பூமி பிடித்துவைத்திருக்கிறது. அதனால்தான் அது ஒரே முகத்தைக் காட்டுகிறது. கிளௌக்கேயைப் பிடிக்க அந்த வெளியில் யாரும் இல்லை. வியாழன் பெரியதுதான், என்றாலும் இந்த வேலைக்கு மிகத் தொலைவு. பிடிக்க ஆளில்லாமலே ஒரு கல் ஏறக்குறைய நின்றுபோயிருக்கிறது.

கல் என்றேன். எந்தக் கல் என்பதையும் கொஞ்சம் கதைக்க வேண்டும். குடாநாட்டில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும், செம்பாட்டு மண்ணை ஒரு முழமோ இரண்டு முழமோ எடுத்தால் கீழே வெள்ளைக் கல் வந்துவிடும். அது சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் அடியில் படிந்து இறுகியது. உடைத்துப் பார்த்தால் சில இடங்களில் சிப்பியின் அச்சே இருக்கும். தண்ணீர் புகுந்து கரைத்த குகைகள் உள்ளே ஓடுகின்றன; நிலாவரைக் கிணறு அப்படி ஒரு குகையின் வாய்தான். உயிரும் கடலும் சேர்ந்து செய்த கல் அது.

கிளௌக்கே இதற்கு நேர் எதிர். வானியலாளர்கள் அதைக் கல்வகைச் சிறுகோள் என்று வகுத்திருக்கிறார்கள். அதிலிருந்து தெறித்து வரும் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால், அகச்சிவப்பில் ஒரு மைக்ரோமீட்டர், இரண்டு மைக்ரோமீட்டர் அலைநீளங்களுக்குப் பக்கத்தில் ஒளி உள்வாங்கப்பட்டிருக்கும். ஒலிவின், பைரொக்சீன் என்ற கனிமங்களின் கையெழுத்து அது. அவற்றோடு இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத் துகள்கள். கடல் கிடையாது, உயிர் கிடையாது. சூரிய குடும்பம் உருவான 457 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சரக்கு. பூமியில் விழும் விண்கற்களில் பெரும்பாலானவை இதே குடும்பம் என்பது வெகுகாலம் ஊகமாகத்தான் இருந்தது. 2005இல் ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இட்டோகாவாவைத் தொட்டு, 2010இல் ஆயிரத்துச் சொச்சம் துகள்களைப் பூமிக்குக் கொண்டுவந்தபோதுதான் சந்தேகம் தீர்ந்தது. அந்தத் துகள்கள் நம் அருங்காட்சியகங்களில் இருக்கும் சாதாரண விண்கற்களோடு ஒத்துப்போயின.

இனிச் சுழற்சிக்கு வருவோம். சிறுகோள் உருண்டையாக இருப்பதில்லை; உருளைக்கிழங்கு மாதிரி, பனங்கொட்டை மாதிரி இருக்கும். அகலமான பக்கம் நம்மைப் பார்க்கும்போது கூடுதல் வெளிச்சம், முனை நம்மைப் பார்க்கும்போது குறைவு. ஒரு சுற்றில் இரண்டு அகலப் பக்கமும் இரண்டு முனையும் வரும். ஆகவே வெளிச்சம் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். புள்ளியை மணிக்கணக்கில் படம் எடுத்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று வரைந்தால் சுற்றும் காலம் வந்துவிடும். ஐடா போன்ற ஒன்றுக்கு ஒரு நல்ல இரவு போதும். அந்தியில் தொடங்கினால் விடிவதற்குள் ஒரு முழுச் சுற்றும் கையில்.

கிளௌக்கேயிடம் இந்த வித்தை எடுபடாது. இரவு முழுக்க இருந்து வரைந்தால் நேர்கோடு ஒன்றுதான் கிடைக்கும். அடுத்த இரவும் நேர்கோடு. ஆனால் உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு முதல் நாள் இருந்த உயரத்தில் இருக்காது, மயிரிழை இறங்கியிருக்கும். அந்த மயிரிழையை நம்புவதா, கருவியின் பிழை என்று விடுவதா?

நல்லூர்த் திருவிழாவை வைத்துச் சொன்னால் எங்களுக்குச் சட்டென்று பிடிபடும். கொடியேற்றத்தன்று இரவு கிளௌக்கே தன் அகலப் பக்கத்தைக் காட்டிப் பிரகாசமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சமும் கார்த்திகையும் வரும் நடுநாட்களில் முனை திரும்பி மங்கியிருக்கும். சில காலங்களில் இந்த ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கையும் தாண்டும். தேர் போய்த் தீர்த்தம் முடியும் 25ஆம் நாள் மறு அகலப் பக்கம் வந்து திரும்பவும் பிரகாசமாகும். இருபத்தைந்து நாள் திருவிழா முழுக்க ஒரு இரவு விடாமல் பார்த்தவருக்குக் கிடைப்பது அரைச் சுற்று. வீதியில் மணல் அள்ளி, பந்தல் பிரித்து, கச்சான் கடைகள் கட்டிக்கொண்டு போன பிறகும் அவர் அதே மாதிரி இன்னொரு 24 நாள் இருக்க வேண்டும்.

அதற்குள் வானம் சும்மா இருக்காது. சிறுகோள் நகர்ந்துகொண்டே இருப்பதால் நேற்று ஒப்பிட்ட நட்சத்திரம் இன்று படத்தில் இல்லை. புதிய நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட்டால் அந்த இரண்டு நட்சத்திரங்களின் வெளிச்ச வித்தியாசமும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். பூமியும் சிறுகோளும் தூரம் மாறுகின்றன. சூரிய ஒளி விழும் கோணம் மாறுகிறது. இரண்டுமே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். பூரணை வந்து ஒரு கிழமையைக் கெடுக்கும். முகில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இருந்து செய்வதென்றால் பேச்சே வேண்டாம், வடகீழ்ப் பருவமழை.

யாழ்ப்பாணத்தில் வானத்தின் கணக்கை மணிக்கூட்டோடு ஒத்துப்பார்ப்பது புதிய காரியமில்லை. 1829இல் ஒரு சந்திர கிரகணத்தின் கணக்கில் வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூரும் அராலிப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியாரும் வேறுபட்டு நின்றது ஊருக்குள் பெரிய விவாதமானது. ஆனால் கிரகணம் நல்ல சாட்சி. ஒரு இரவில் வந்து சொல்லிவிட்டுப் போய்விடும். கிளௌக்கே மாதிரியான சாட்சி வாய் திறக்கவே இரண்டு மாதம் எடுக்கும்.

என் எண்ணம் என்னவென்றால், இப்படிப்பட்ட கற்கள் உண்மையில் அரிது என்பதைவிட, நாங்கள் பார்த்த விதத்தால் அரிதாகத் தெரிந்தன என்பதே சரி. பெரிய தொலைநோக்கியில் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று இரவு. அந்த இரவுகளில் கோடு நேராக வந்தால் என்ன செய்வார்? இது உருண்டையான கல் போலிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார். நேர்கோட்டை யாரும் கட்டுரையாக்குவதில்லை. வேகமாகச் சுற்றுபவை பட்டியலில் ஏறின, ஆறுதலானவை விடுபட்டன. கிளௌக்கே கண்டுபிடிக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1980களில்தான் அதன் மந்தம் வெளியில் வந்தது. அப்போதுகூட அது தனிப்பிறவி என்றே தோன்றியது. இப்போது நிலைமை வேறு. பல நாடுகளிலும் கொல்லைப்புறத் தொலைநோக்கியும் கமராவும் வைத்திருக்கும் ஆர்வலர்கள் வாரக்கணக்கில் ஒரே கல்லைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நேர ஒதுக்கீட்டுக் குழு இல்லை. மனைவியோ கணவனோ பொறுத்துக்கொண்டால் போதும். நாசாவின் டெஸ் விண்கலம் வானத்தின் ஒரு பகுதியைத் தொடர்ந்து 27 நாள் பார்க்கிறது. கிளௌக்கேக்கு அதுவும் அரைச் சுற்றுக்குச் சற்று மேல்தான் என்றாலும், 100 மணி, 300 மணிக் கற்கள் ஏராளமாக அதில் சிக்கின.

பொறுமை இருந்தாலும் ஏமாறலாம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. டின்கினேஷ் என்று முதன்மைப் பட்டையில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த கல்வகைச் சிறுகோள் ஒன்று. லூசி விண்கலம் அதைக் கடக்கப் போவதால் முன்கூட்டியே பூமியிலிருந்து வெளிச்சத்தை அளந்து, அது 52.67 மணிக்கு ஒருமுறை சுற்றுகிறது, ஆறுதலான கல் என்று முடிவு செய்தார்கள். 2023 நவம்பர் 1 அன்று லூசி கிட்டப் போய்ப் பார்த்தால் பக்கத்தில் ஒரு குட்டிச் சந்திரன். அதுவும் ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைக் கல். 52.67 மணி என்பது அந்தச் சந்திரன் சுற்றிவர எடுக்கும் காலம். டின்கினேஷ் தன்னைத்தானே சுற்றுவது நாலு மணிக்குள். அளவில் பிழையில்லை, எதை அளந்தோம் என்பதில்தான் பிழை.

கிளௌக்கே விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. அதன் வெளிச்சக் கோடு ஒரு சுற்றில் வந்தபடி அடுத்த சுற்றில் அச்சொட்டாக வருவதில்லை. காரணம், அது நேராகச் சுற்றவில்லை, புரள்கிறது.

இதை விளங்கப்படுத்த எனக்குக் கைகொடுத்தது பம்பரம்தான். அக்காவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. விறாந்தைச் சீமெந்துத் தரையில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். கயிறு உருவியதும் பம்பரம் அசையாமல் நின்று சுற்றும். தூங்குகிறது என்பார்களே, அந்த நிலை. வேகம் குறையக் குறையத் தலை ஆடத் தொடங்கும், பெரிய வட்டம் போடும், பிறகு சாய்ந்து உருண்டு போகும். 'அது விழப்போகுதெண்டுதானே மாமா ஆடுது?' என்றான். ஓம், தரை இருப்பதால் விழுகிறது. தரையே இல்லாத இடத்தில் ஆடத் தொடங்கினால்? கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அப்ப ஆடிக்கொண்டே இருக்கும்' என்றான். அதுதான் பதில், ஒரு திருத்தத்தோடு.

திருத்தம் இதுதான். வெளியில் தரையோ காற்றோ இல்லாவிட்டாலும் கல்லுக்குள்ளேயே உராய்வு உண்டு. புரளும் கல் ஒவ்வொரு புரளலிலும் கொஞ்சம் நெளியும். கற்கள் ஒன்றோடொன்று உரசும். அந்தச் சக்தி சூடாகிப் போகும். காலப்போக்கில் ஆட்டம் அடங்கி, தன் குட்டையான அச்சைச் சுற்றி ஒழுங்காகச் சுழலும். பெரும்பாலான சிறுகோள்கள் அப்படி அடங்கியவைதான். ஆனால் நெளிவு சுழற்சி வேகத்தைப் பொறுத்தது. ஆட்டம் அடங்க எடுக்கும் காலம், சுற்றும் காலத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது: பத்து மடங்கு ஆறுதலாகச் சுற்றினால் அடங்க ஆயிரம் மடங்கு காலம். 32 கி.மீ. கல் பத்து மணிக்கு ஒருமுறை சுற்றினால் ஆட்டம் சில இலட்சம் ஆண்டுகளில் அடங்கிவிடும். 1,170 மணி என்றால் சூரிய குடும்பத்தின் வயதைப் போலப் பல மடங்கு தேவை. கிளௌக்கே ஒருமுறை ஆடத் தொடங்கியிருந்தால் இன்றைக்கும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, முதலில் வேகத்தை எது தின்றது?

சின்ன வயதில் பனையோலையில் காற்றாடி செய்யாதவர்கள் இங்கே குறைவு. இரண்டு ஓலைத் துண்டை மடித்துக் கோத்து, நடுவில் முள்ளுக் குத்தி, ஈர்க்கில் செருகிப் பிடித்துக்கொண்டு ஓடினால் சுற்றும். ஓலையின் மடிப்புகள் சாய்வாக இருப்பதால்தான் சுற்றுகிறது. தட்டையாக இருந்தால் காற்று தள்ளும், சுற்றாது. சிறுகோளுக்குக் காற்று சூரிய ஒளி. ஒளி பட்டுத் தெறிக்கும்போதும், சூடான தரை வெப்பத்தைத் திரும்ப வெளிவிடும்போதும் மிக மிக மெல்லிய உந்துதல் ஒன்று இருக்கிறது. கல் சீரான உருண்டையாக இருந்தால் எல்லாப் பக்கமும் சமமாகி ஒன்றும் நடக்காது. கோணல்மாணலாக இருந்தால் காற்றாடி மாதிரி ஒரு பக்கம் கொஞ்சம் கூடத் திருப்பும். உருவத்தைப் பொறுத்து வேகம் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். யார்க்கோவ்ஸ்கி, ஓகீஃப், ராட்சியெவ்ஸ்கி, பாடாக் என்ற நால்வரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை யோர்ப் விளைவு என்கிறார்கள். 54509 என்ற எண்ணுள்ள ஒரு குட்டிச் சிறுகோளில் இது நேரடியாக அளக்கப்பட்டு 2007இல் வெளியானது. 12 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் அந்தக் கல், ஆண்டுக்குச் சுமார் ஆயிரத்தில் ஒரு செக்கன் வீதம் கெதியாகிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சிறுகோளுக்கே யோர்ப் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சில கிலோமீட்டர் அளவுக் கற்கள் மந்தமானதற்கு இது நல்ல விளக்கம். சூரிய ஒளி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஏறக்குறைய நிற்கும் நிலைக்கு வந்த கல்லைச் சின்ன மோதல் ஒன்றே புரளவிடப் போதும். புரளத் தொடங்கியதும் ஒளி எல்லாப் பக்கமும் மாறிமாறி விழுவதால் அந்தத் திருப்பும் விசை பலவீனமாகிவிடும். கல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கையா விண்கலத்தின் தரவுகளில் வேகமானவற்றுக்கும் மந்தமானவற்றுக்கும் நடுவில் ஆட்கள் குறைந்த ஒரு இடைவெளி தெரிகிறது. இந்த மாட்டிக்கொள்ளலால்தான் அந்த இடைவெளி என்று அண்மைய ஆய்வுகள் வாதிடுகின்றன. எனக்கு இது நம்பத்தகுந்ததாகவே படுகிறது.

ஆனால் கிளௌக்கே சில கிலோமீட்டர் இல்லை, 32. காற்றாடிக் கணக்கில் அளவு இரட்டித்தால் வேலை முடிய நாலு மடங்கு காலம் வேண்டும். சூரியனிலிருந்து இருக்கும் தூரமும் ஒளியைக் குறைக்கிறது. ஒரு கிலோமீட்டர்க் கல்லுக்குச் சில பத்து இலட்சம் ஆண்டுகளில் நடப்பது, இதற்குச் சூரிய குடும்பத்தின் வயதையே கேட்கும். முழுக்க முடியாது என்றில்லை, இழுபறிதான். வேறு விளக்கங்களும் பேசப்பட்டதுண்டு. முன்பு ஒரு சந்திரன் இருந்து, அது சுழற்சியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு விலகிப் போயிருக்கலாம். அல்லது எதிர்த்திசையில் விழுந்த ஒரு மோதல் தற்செயலாக இருந்த சுழற்சியைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்கியிருக்கலாம். இரண்டாவது எனக்கு ஒவ்வவில்லை. ஓடுகிற வண்டியை இன்னொரு வண்டியால் மோதி மிகச் சரியாக நிறுத்துகிற மாதிரி அது. இருந்தாலும் பட்டையில் கற்கள் இலட்சக்கணக்கில், காலமோ கோடிக்கணக்கில். ஒன்றிரண்டுக்கு அப்படியும் நடக்கலாம்தான்.

கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும் என்று சொல்லலாம். போன இடத்திலும் மந்தம் கையைக் கட்டிவிடும். 1997 ஜூனில் நியர் விண்கலம் மத்தில்டே என்ற சிறுகோளைக் கடந்தது. அது கல்வகை இல்லை, கரிவகை. ஆனால் இதைப் போல ஆறுதல், ஒரு சுற்றுக்கு 17 நாளுக்கு மேல். விண்கலம் கிட்ட இருந்த கொஞ்ச நேரத்தில் கல் அசையவே இல்லை என்று சொல்லலாம். மேற்பரப்பில் சுமார் 60 சதவீதத்தைப் படமெடுத்தார்கள். மிச்சம் இருட்டிலேயே இருந்துவிட்டது. கஸ்ப்ரா போன்ற கற்களை நெருங்கும்போது சில மணி நேரம் படம் எடுத்தாலே அது தானாகத் திரும்பிப் பல பக்கத்தையும் காட்டிவிடும்.

1991 அக்டோபரில் கலிலியோ விண்கலம் அந்தக் கஸ்ப்ராவைக் கடந்ததுதான் மனிதர் ஒரு சிறுகோளைக் கிட்டத்தில் பார்த்த முதல் தடவை. அப்போது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு மண்ணெண்ணெய் எரித்துப் படித்த காலம். எட்டு மணிக்குப் பிறகு முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் பால்வீதி பனைகளுக்கு மேலே வடக்குத் தெற்காகக் கிடக்கும். அவ்வளவு இருட்டான வானம் கிளௌக்கேயைப் படமெடுக்கப் பொன்னாக இருந்திருக்கும், ஆனால் எங்களிடம் பற்றரிகூட இல்லை. இப்போது கமரா உண்டு, கணினி உண்டு. வானத்தில்தான் வெளிச்சம் கூடிவிட்டது. என்றாலும் முடியாத காரியம் இல்லை. நம் வானத்தில் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வரும் காலத்தில் கிளௌக்கே வெறும் கண்ணுக்கு எட்டும் எல்லையைவிடப் பல நூறு மடங்கு மங்கலாக இருக்கும்; எட்டு அங்குலத் தொலைநோக்கியும் நல்ல கமராவும் பிடித்துவிடும். நாங்கள் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 9.7 பாகையில் இருப்பதால், சிறுகோள்கள் போகும் பாதை தலைக்கு மேலேயே வருகிறது. வட ஐரோப்பாக்காரர்கள் இதற்குப் பொறாமைப்பட வேண்டும்.

சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டபோது, பத்து மணி நேர அவதானிப்பில் முன்பின் தெரியாத 2,104 சிறுகோள்கள் அதில் இருந்தன. அது ஒரே கல்லை இரவு முழுக்கப் பார்ப்பதில்லை. அங்கிருந்து தெரியும் தென்வானம் முழுவதையும் சில இரவுக்கு ஒருமுறை தொட்டுத் தொட்டுப் பத்து ஆண்டு திரும்பத் திரும்ப வரும். வேகமாகச் சுற்றும் கல்லுக்கு அந்த முறை சிரமம்; இடையில் பல சுற்றுப் போய்விடும். ஆறுதலானவற்றுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. பட்டையில் இப்படிப்பட்ட கற்கள் எத்தனை என்ற எண்ணிக்கை அதில்தான் சரியாக வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அக்காவின் மகனுக்கு இதெல்லாம் போதவில்லை. ஒரு கொப்பியில் கோடு போட்டு, 49 பெட்டி வரைந்து, ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பெட்டி என்று வைத்திருக்கிறான். தொலைநோக்கி இன்னும் வாங்கவில்லை. முதல் பெட்டியில் 'முகில்' என்று எழுதியிருக்கிறான்.